கூடலூர் வக்கீல் டில்லிக்குப் போனால்

நீலகிரி மாவட்டக் கூடலூர் கோர்ட்டில் பேர் எடுத்த வக்கீல் ஒருவர் எம்.பி. ஆகிவிட்டால் செக்‌ஷன் 17 நிலத்துக்கு, அதாவது உரிமை முடிவாகாத எஸ்டேட் குத்தகை நிலத்துக்கு, பட்டா வந்துவிடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். வராது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வராது.

1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்மம் (பரம்பரை ஜமீன் போன்ற நில உடைமை) ஒழிப்புச் சட்டம் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் போட்டது. நிலம் மாநிலப் பட்டியல். 8, 9, 10 பிரிவுகளில் வருபவர்களுக்கு ரயத்துவாரி பட்டா, அதாவது அரசுக்கு நேராக வரி கட்டும் உரிமைப் பட்டா. எஸ்டேட் குத்தகை நிலமோ 17-இல் மாட்டிக்கொண்டது. அதில் வீடு கட்டியவர்களுக்குக் கரண்ட் இணைப்பே இழுபறி. திருத்துவதென்றால் கோட்டையில்தான் திருத்த வேண்டும். 1974-இல் இந்தச் சட்டத்தை, கோர்ட்டில் எதிர்க்க முடியாதபடி பாதுகாக்கும் அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது நாடாளுமன்றம். அதுவும் 2007-இல், அப்படிச் சேர்த்த சட்டத்தையும் கோர்ட் ஆராயலாம் என்ற ஒன்பது நீதிபதிகளின் கோயல்ஹோ தீர்ப்பு வரை போனது.

புது வக்கீல் எம்.பி. வழுக்கி விழுவது கேள்வி எழுதும்போது. பிராது எழுதிய கை அல்லவா, சர்வே எண், வழக்கு எண், முழு வரலாறு எல்லாம் போட்டுவிடுவார். மக்களவையில் 150 வார்த்தைக்கு மேல் போகக்கூடாது. மாநில அரசின் பொறுப்பு என்றால் தள்ளுபடி, கோர்ட்டில் நிலுவை என்றாலும் தள்ளுபடி. கூடலூர் நிலத்துக்கு இரண்டும் பொருந்தும். நாட்டின் வன நிர்வாகத்தையே புரட்டிப்போட்ட கோதவர்மன் வழக்கு 1995-இல் தொடங்கியதே இந்தப் பக்கத்து மரவெட்டை வைத்துத்தான்!

காடு 1976 திருத்தத்துக்குப் பின் மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் மத்தியச் சட்டம். கேள்வியை இந்த வழியில்தான் நுழைக்க வேண்டும். வன உரிமை மனுக்களின் மாவட்டக் கணக்கை மட்டும் கேட்டால் மாநில வாரியாகத்தான் வைத்திருக்கிறோம் என்று நழுவுவார்கள். நிராகரிப்புக்கான காரணம், மறுபரிசீலனைக்கு அமைச்சகம் அனுப்பிய கடிதங்களின் தேதி ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நோட்டீஸ் குறைந்தது 15 நாள் முன்பே போக வேண்டும். சபையில் அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் கேள்வி நாளொன்றுக்கு 20, அதுவும் குலுக்கலில்; பட்டியலின் அடியில் விழுந்தால் முறை வருவதற்குள் 12 மணி ஆகி கேள்வி நேரம் முடிந்துவிடும். 230 வரை அனுமதிக்கும் நட்சத்திரமில்லாக் கேள்வியே மேல் என்பேன். டி.வி.யில் முகம் வராது. ஆனால் எழுத்தில் வந்த பதிலை ரிட் மனுவில் அப்படியே இணைக்கலாம்.

டில்லியில் மட்டுமே முடியக்கூடிய வேலை, நீலகிரியின் படுகர் சமூகத்தைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் கோரிக்கை. மாநிலப் பரிந்துரை, இந்தியத் தலைமைப் பதிவாளர், தேசியப் பழங்குடியினர் ஆணையம், அமைச்சரவை, கடைசியில் மசோதா. நரிக்குறவர்களுக்கான மசோதா 2022 டிசம்பரில் இப்படித்தான் நிறைவேறியது. கோப்பு பெரும்பாலும் சிக்குவது பதிவாளரிடம்; அவருக்கு வேண்டியது மானுடவியல் ஆதாரம், மேடைப்பேச்சு எடுபடாது. அமைச்சரல்லாத எம்.பி. கொண்டுவரும் தனிநபர் மசோதாவைக் கொண்டுவருவேன் என்று கைதட்டல் வாங்குவது சுலபம். இதுவரை சட்டமானவை 14, கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-இல்.

எம்.பி.க்கள் வக்கீல் தொழில் செய்யத் தடையில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செய்யட்டும். எஸ்டேட் கம்பெனியின் வக்காலத்தைக் கையில் வைத்துக்கொண்டு குத்தகை நிலம் பற்றிப் பேச மட்டும் எழுந்திருக்கக் கூடாது. கூட்டத்தொடர் நாளெல்லாம் வாய்தா வாங்கி கட்சிக்காரரை அலைக்கழிப்பதைவிட, பதவியேற்கும் முன்பே வழக்குக் கட்டுகளை வேறொரு வக்கீலிடம் ஒப்படைத்துவிடலாம்.