பயத்தை பாட்டிலில் அடைக்க முடியுமா? அக்குள் வியர்வையும் அமெரிக்க ராணுவத்தின் காசும்

"எதிரி முகாம் மேல் ஒரு வாயுவைத் தூவுவார்கள், வாடைகூடத் தெரியாது, ஐந்தே நிமிடத்தில் மொத்தப் பட்டாளமும் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடும்." இந்த ரகச் செய்தி அவ்வப்போது தூசி தட்டப்பட்டு மறுபடி சுற்றுக்கு வருகிறது. கூடவே டார்பா என்ற பெயரும் வரும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பணப்பெட்டி அது.

டார்பா காசு கொடுத்தது உண்மை. பயந்தவர்களின் வியர்வையைச் சேகரித்ததும் உண்மை. ஆனால் அந்த ஆய்வில் என்ன கிடைத்தது என்று உட்கார்ந்து படித்தால், ஆயுதம் செய்ய நினைப்பவனுக்குத்தான் வயிற்றில் புளி கரையும். கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அது வேறு பக்கம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஆய்வு. நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் லிலியான் முஹிகா-பரோடியின் குழு செய்தது. 2008 டிசம்பரில் செய்தியாக வெளிவந்தது, 2009இல் பிளாஸ் ஒன் இதழில் கட்டுரையானது. வாழ்க்கையில் முதல் தடவையாக விமானத்திலிருந்து குதிக்கிறவர்களைப் பிடித்தார்கள். தனியாக இல்லை, பயிற்றுநர் ஒருவர் முதுகோடு சேர்த்துக் கட்டப்பட்டிருப்பார், டாண்டம் குதிப்பு என்பார்கள். ஏறக்குறைய 4 கிலோமீட்டர் உயரம், அதில் சுமார் ஒரு நிமிடம் வெறும் வீழ்ச்சி, மிச்சம் பாராசூட். அக்குளில் பஞ்சு பேட். ஒப்பிட்டுப் பார்க்க உடற்பயிற்சி வியர்வை எடுத்தார்கள்: அதே ஆட்கள் டிரெட்மில்லில் ஓட வேண்டும், பயம் கிடையாது. எல்லாச் சோதனைகளுக்கும் சேர்த்து 144 பேரின் வியர்வை. அதை வேறு ஆட்களுக்கு முகரக் கொடுத்து, அவர்கள் மூளையை ஸ்கேன் செய்தார்கள்.

இந்த வேலையில் முக்கால்வாசி தோல்வி ஸ்கேனரில் நடப்பதில்லை, அக்குளில்தான் நடக்கிறது. நம் உடம்பில் 20 முதல் 40 லட்சம் எக்ரைன் சுரப்பிகள் உண்டு. அவை வெப்பத்தைத் தணிக்க உப்புத் தண்ணீர் விடுபவை. அக்குளில் கூடுதலாக அபோக்ரைன் சுரப்பிகள் இருக்கின்றன. அவை அட்ரினலினுக்கு மசிபவை, அளவில் கொஞ்சமாக, கொழுப்பும் புரதமும் கலந்து விடும். புதிதாக வரும்போது அதற்கு வாடையே கிடையாது என்று சொல்லலாம். தோலில் குடியிருக்கும் கோரினிபாக்டீரியம், ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகள் அதைத் தின்று உடைத்த பிறகுதான் நாறும். ஆக, "பயத்தின் வாடை" என்று நாம் முகர்வது பாதி பயந்தவனுடையது, பாதி அவன் தோலில் வாழும் கிருமிகளுடையது.

அதனால் கொடையாளிக்குக் கட்டுப்பாடுகள் ஏராளம். வாசனையில்லாத சோப்பு மட்டும், டியோடரண்ட் கூடாது, புகையும் மதுவும் கூடாது, இரண்டு நாளாவது பூண்டு, வெங்காயம் தொடக் கூடாது. பேடை வைப்பவர் கையுறை போட வேண்டும், இல்லையென்றால் அவருடைய வாடையும் மாதிரியில் சேர்ந்துவிடும். எடுத்த பேடை உடனே உறைய வைக்க வேண்டும், நல்ல ஆய்வகமென்றால் மைனஸ் 80 டிகிரியில். அறை வெப்பத்தில் விட்டுவைத்தால் கிருமிகள் தம் வேலையை நிறுத்தாது. ஒரு மணி நேரம் கழித்து மாதிரியே வேறு மாதிரி. ஒருமுறை உருக்கியதை மறுபடி உறைய வைத்தால், ஆவியாகிப் போகும் மூலக்கூறுகள் போனது போனதுதான். ஒருவரின் வாடை மட்டும் தூக்கலாகத் தெரியாமலிருக்க, பல பேரின் பேடுகளைத் துண்டுபோட்டுக் கலந்துவிடுவார்கள்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் ஒரு சிக்கல் தீராது. ஓடினால் பேட் சொட்டச் சொட்ட நனையும், பயந்தால் அவ்வளவு நனையாது. இரண்டின் எடையையும் பார்க்காமல் ஒப்பிட்டால், பயத்துக்கும் பயமின்மைக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கவில்லை, ஈரத்தின் வித்தியாசத்தை அளக்கிறோம். முகரவைக்கும் கருவியிலும் இதே தொல்லை. காற்றோட்டம் ஒரே அளவில் இருக்க வேண்டும், வால்வு திறக்கும் 'டிக்' சத்தம் காதில் விழக் கூடாது, ஈரப்பதம் மாறக் கூடாது. மூக்குக்குள் காற்றின் வேகம் மாறினாலே மூளைக்குத் தெரிந்துவிடும். எந்தக் குப்பி எது என்று முகர்பவருக்கும் தெரியக் கூடாது, கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது.

ஸ்டோனி புரூக் குழு இதில் பெரும்பகுதியைக் கவனமாகவே செய்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். பயந்த வியர்வையை முகர்ந்தவர்களின் மூளையில் அமிக்டலா, அதாவது பயத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு சிறு பகுதி, தூண்டப்பட்டது, உடற்பயிற்சி வியர்வைக்கு அப்படி இல்லை. ஸ்கேனை மறுபடி செய்தபோதும் அதே விடை. இரண்டு வாடையையும் அவர்களால் பிரித்துச் சொல்லவும் முடியவில்லை.

"அமிக்டலா ஒளிர்ந்தது, எனவே பயம் வந்தது" என்ற தாவல்தான் செய்தித்தாள் செய்த வேலை. ஸ்கேனரில் படுத்திருந்த யாரும் பயந்து அலறவில்லை. அமிக்டலா பயத்துக்கு மட்டும் மணியடிக்கும் உறுப்பும் அல்ல. வாசனை நல்லதோ கெட்டதோ, அடர்த்தியாக வந்தாலே அது எழும்பும் என்று 2003லேயே ஆய்வு வந்திருக்கிறது. "இதைக் கவனி" என்று சொல்லும் உறுப்பு என்று வைத்துக்கொண்டால் தவறு குறையும்.

அதே கட்டுரையில் நான்காவதாக ஒரு சோதனை உண்டு. பகிர்பவர்கள் யாரும் அதைத் தொடுவதே இல்லை. கோபமா இல்லையா என்று பிடிபடாத முகங்களைக் காட்டினார்கள். பயந்த வியர்வையை முகர்ந்தவர்கள் அந்த முகங்களை இன்னும் நுட்பமாகப் பிரித்தறிந்தார்கள். அதாவது கூர்மை கூடியது. எதிரி முகாம் மேல் தெளித்தால் காவலுக்கு நிற்பவன் இன்னும் விழிப்பாக நிற்பான். இதற்கா காசு?

மற்ற ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் படம் இன்னும் குழம்புகிறது. அதே 2009இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஜோவும் டெனிஸ் சென்னும் செய்ததில், பயந்த வியர்வையை முகர்ந்த பெண்கள் தெளிவில்லாத முகங்களைப் பயந்த முகமாகப் பார்த்தார்கள். தெளிவான முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதன் ஆய்வக வடிவம். ஒரு குழு கூர்மை என்கிறது, இன்னொன்று சாய்வு என்கிறது. ஜெர்மனியில் வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்த மாணவர்களின் வியர்வையை வைத்துச் செய்த ஆய்வில், பிறர் உணர்வைப் புரிந்துகொள்ளும்போது இயங்கும் மூளைப் பகுதிகள் தூண்டப்பட்டன. உயரத்தில் கட்டிய கயிற்றுப் பாதையில் நடந்தவர்களின் வியர்வையை முகர்ந்தவர்களோ, சூதாட்டம் போன்ற ஒரு விளையாட்டில் வழக்கத்தைவிட அதிக ரிஸ்க் எடுத்தார்கள். விழிப்பு, இரக்கம், துணிச்சல். தளபதி இதில் எதை ஆர்டர் செய்வார்?

எல்லாவற்றுக்கும் மேலே, மூலக்கூறு எது என்று தெரியாது. பேட் இருக்கிறது, பெயர் இல்லை. ஒரு உயிர் தன் இனத்துக்கு விடும் வேதிச் செய்திக்கு ஃபெரோமோன் என்று பெயர். அந்தச் சொல்லை கார்ல்சனும் லூஷரும் 1959இல் உண்டாக்கினார்கள். அதே ஆண்டு வேதியியலாளர் பூட்டனாண்ட், பெண் பட்டுப்பூச்சி ஆணை அழைக்க விடும் பாம்பிகாலை அடையாளம் கண்டார். அதற்கு ஏறக்குறைய 5 லட்சம் பூச்சிகளும் 20 வருடமும் ஆயின. பிரித்தெடு, கட்டமைப்பைக் கண்டுபிடி, செயற்கையாகச் செய், அது தனியாகவே அதே விளைவைத் தருகிறதா பார் என்ற நான்கு படியும் முடிந்தால்தான் கணக்கு முடியும். தேனீயின் எச்சரிக்கை வாடையில் முக்கியமானது ஐசோபென்டைல் அசிடேட், வாழைப்பழ மணம் கொண்டது, 1962லேயே பிடிபட்டுவிட்டது. சுண்டெலிக்கு 2013இல் ஒரு தயசோலின் சேர்மம் கிடைத்தது. எலிக்கு 2014இல் இரண்டு ஆல்டிஹைடுகள். மனிதனுக்கு இன்றுவரை ஒரு பயச் சேர்மம்கூட நான்கு படியும் ஏறவில்லை. கடையில் ஃபெரோமோன் சென்ட் என்று விற்கும் ஆண்ட்ரோஸ்டாடையினோன் வகையறாவும் ஏறியதில்லை.

சுண்டெலிக்கு இதை முகரவே மூக்கு நுனியில் க்ரூன்பெர்க் முடிச்சு என்ற தனி உறுப்பு உண்டு. பல விலங்குகளுக்கு ஃபெரோமோன்களை உணர வோமெரோநேசல் உறுப்பும் மூக்கில் உண்டு. நமக்கு அது பெயரளவில் ஒரு குழி. அதற்கு வேண்டிய டிஆர்பிசி2 மரபணு நம்மிடம் உடைந்து கிடக்கிறது. நம் கையில் இருப்பது சாதாரண மூக்கு. அதுவும் சில நிமிடத்தில் எந்த வாடைக்கும் பழகிவிடும்.

வியர்வை எல்லோருக்கும் ஒன்றுபோலவும் இல்லை. ஏபிசிசி11 மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினால் அக்குள் வாடைக்கான மூலப்பொருள் வெளியே வராது, காதுக் குறும்பியும் உலர்ந்து போகும். கொரியர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே இந்த வகை. பயந்தால் அவர்கள் அக்குள் மற்றவர்கள் அக்குள் சொல்வதையே சொல்லுமா என்பதைத் தனியாகச் சோதிக்காமல் "மனிதப் பய வாடை" என்று பொதுவாகப் பேசுவது சரியில்லை.

சரி, பயத்தை உண்மையிலேயே வரவழைக்கும் வேதிப்பொருள் எதுவும் இல்லையா? இருக்கிறது, நாம் விடுகிற மூச்சிலேயே இருக்கிறது. சாதாரணக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம். அதை 35 சதவீதமாக ஏற்றி, மிச்சத்தை ஆக்சிஜனாக வைத்து, மருத்துவக் கண்காணிப்பில் ஒரே ஒரு மூச்சு கொடுப்பார்கள். பீதி நோய் ஆய்வில் பல காலமாக உள்ள முறை. அமிக்டலா இரண்டு பக்கமும் அழிந்துபோன, எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் பெண் பாம்புக்கும் பயப்படாதவர். 2013இல் வெளியான ஆய்வில், இந்த ஒரு மூச்சில் அவருக்கு முழுப் பீதி வந்தது. அமிக்டலா இல்லாமலே! ஸ்கேன் படத்தில் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டி "இதோ பயம்" என்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்கலாம். இதையும் ஆயுதமாக்க வழியில்லை. திறந்த வெளியில் 35 சதவீதம் நிற்காது. மூடிய அறையிலோ 10 சதவீதம் தாண்டினாலே மயக்கமும் மரணமும்தான்.

சட்டமும் இங்கே தெளிவாகவே நிற்கிறது. 1997இல் நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுத ஒப்பந்தம், உயிர்ச் செயல்பாட்டில் தலையிட்டுத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்யும் எந்த வேதிப்பொருளையும் போரில் தடுக்கிறது. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல, எதற்காக வைத்திருக்கிறாய் என்பதுதான் கேள்வி. "கொல்லாது, மயக்கும் அவ்வளவுதான்" என்ற வாதத்தின் விலையை 2002 அக்டோபரில் மாஸ்கோ துப்ரோவ்கா அரங்கில் பார்த்தோம். அரங்கைப் பிடித்து வைத்திருந்தவர்களை மயக்க, ரஷ்யப் படையினர் ஃபென்டனில் வகை மருந்தைக் காற்றோட்டக் குழாய் வழியே விட்டார்கள், பணயக் கைதிகள் 120 பேருக்கு மேல் செத்தார்கள். ஒரே அறையில் ஒருவருக்குக் குறைவாகவும் இன்னொருவருக்கு உயிர்போகிற அளவும் போய்ச் சேரும். காற்றில் டோஸ் அளந்து கொடுக்க முடியாது.

ராணுவங்களின் வாசனை மோகத்தில் நகைச்சுவைக்கும் பஞ்சமில்லை. 1994இல் ஓஹையோவின் ரைட் ஆய்வகம் 75 லட்சம் டாலர் கேட்டு ஒரு முன்மொழிவு எழுதியது. கடிக்கும் பூச்சிகளை எதிரி மேல் ஏவும் வேதிப்பொருள், எதிரி வீரர்களுக்குள் காமத்தைக் கிளப்பும் வேதிப்பொருள் என்று பட்டியல் போகும். 2007இல் அதற்கு, விசித்திர ஆய்வுகளுக்குக் கிண்டலாகத் தரும் இக் நோபலின் அமைதிப் பரிசைக் கொடுத்தார்கள்.

சிரித்து முடித்துவிட்டு இங்கே வாருங்கள். பயத்தை ஊட்டுவதை விட்டுவிட்டு பயத்தை மோப்பம் பிடிப்பது என்று திருப்பிப் போட்டால் விஷயம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. 2022இல் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழக ஆய்வில், 9000இலிருந்து 17 17ஆகக் கழித்துக்கொண்டே வரச் சொல்லி ஆட்களைப் பதற வைத்தார்கள். பதறுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த வியர்வை, மூச்சு மாதிரிகளை நான்கு நாய்களிடம் கொடுத்தார்கள். 720 தடவையில் 675 சரி. அதாவது 93.75 சதவீதம். நாயின் மூக்கில் முடிகிறதென்றால் சென்சாரிலும் ஒருநாள் முடியும் என்று வாங்குபவர் கிளம்பிவிடுவார்.

நாய்க்குக் கொடுத்தது ஒரே ஆளின் இரண்டு மாதிரிகள், சில நிமிட இடைவெளியில் எடுத்தவை. விமான நிலைய வரிசையில் நிற்பவரின் "பதறாத நேரத்து வியர்வை" யார் கையிலும் இல்லை. ஒரு நாளைக்கு 20,000 பயணிகள், கருவி 100க்கு 5 பேரைத் தவறாகப் பிடிக்கும் என்று வையுங்கள். தினம் 1,000 பேரைத் தனியாக இழுத்து நிறுத்த வேண்டும். விமானம் என்றாலே நடுங்குபவர், இணைப்பு விமானத்தைத் தவறவிடப்போகிறவர், அம்மா ஐசியூவில் இருப்பதால் ஓடுகிறவர் எல்லோரும் அதில் இருப்பார்கள். முகபாவத்தையும் நடத்தையையும் வைத்துப் பயணிகளைப் பிரித்த அமெரிக்கத் திட்டத்துக்கு 2007 முதல் சுமார் 90 கோடி டாலர் செலவானது. பலன் தரும் என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2013இல் எழுதியது. கண்ணால் செய்து தோற்றதை மூக்கால் செய்ய வேண்டுமா?

மூக்கால் செய்ததும் உண்டு. வியட்நாம் போரில் மனித உடம்பிலிருந்து வரும் அமோனியாவை மோப்பம் பிடிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் கருவி செய்து கொடுத்தது. முதுகில் சுமந்து போன ரகம், சுமந்தவனின் வியர்வைக்கே மணியடித்தது. ஹெலிகாப்டரில் பொருத்திய ரகத்தை ஏமாற்ற எதிர்த்தரப்பு மரங்களில் மூத்திர வாளிகளைத் தொங்கவிட்டது.

பய வியர்வை ஆய்வில் மறுபடி அந்த விமானக் கதவுக்குப் போய்ப் பாருங்கள். ஒரே கதவு, ஒரே உயரம், இரண்டு உடம்புகள் ஒரே பட்டையில் கட்டப்பட்டிருக்கின்றன. ஆய்வாளர்களுக்கு வேண்டியது முதல் தடவை குதிப்பவரின் அக்குள் மட்டும். பின்னால் கட்டியிருக்கும் பயிற்றுநரின் அக்குளில் யாரும் பேட் வைக்கவில்லை. பல நூறு தடவை குதித்தவரிடம் அவர்கள் தேடிய பயம் இருக்காது. பயிற்சி எடுத்துக்கொண்டு குண்டோடு வருகிறவன் அந்த இருவரில் யாரைப் போல இருப்பான் என்று கருவியை விற்க வருபவரிடம் கேட்டுப் பாருங்கள்.