திரைச்சீலை போதாது, கதவு வேண்டும்

எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் புதிய முகத்தைப் பார்த்தால் முதலில் கேட்பது, "எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?" என்றுதான். நகரத்தார் (செட்டியார்) என்றால் அவர்களுடைய குலப்பிரிவுகளுக்குரிய ஒன்பது கோயில்களில் எந்தக் கோயில் என்பதும் சேர்ந்துகொள்ளும். பாசத்தில் பிறந்த கேள்வி. மனநல ஆலோசனைப் பயிற்சிக்காக ஒரு மருத்துவமனைக்குப் போன மூன்றாம் நாளே அதன் மறுபக்கத்தைப் பார்த்தேன்.

"யார் வீட்டுப் பிள்ளை ஆத்தா நீ?" என்று கேட்டார் வந்திருந்த ஓர் அம்மா. யோசிக்காமல் ஊரையும் அப்பாவின் கடையையும் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியது. தூக்கமில்லை, வயிற்றைப் புரட்டுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

"தன் பேச்சு எங்கே போய்ச் சேரும் என்று அவர் கணக்குப் பார்த்தார்" என்றார் எனக்குப் பயிற்சியளித்த அக்கா.

அடுத்த முறை அவர் வந்ததும், "நீங்கள் சொல்வது எங்களைத் தாண்டிப் போகாது. யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டுமே பிறரிடம் சொல்வோம்" என்றேன். அவர் பதில் பேசாமல் திரைச்சீலையைப் பார்த்தார். அதற்கு அந்தப்புறம்தான் மாத்திரை வாங்கும் வரிசை. அக்கா எங்களைக் கதவுள்ள பின் அறைக்கு அழைத்துப் போனார். அங்கே அவர் முக்கால் மணி நேரம் பேசினார். அவர் பேசியது எதையும் இங்கே எழுத மாட்டேன். இதுவரை சொன்னதில்கூட அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

ஆலோசனைத் துறையின் முன்னோடியான உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸைப் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். உட்காரும் அறைக்குக் கதவு இருக்கிறதா என்று பார்க்க மட்டும் தெரிந்திருக்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில் ரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாகவே சொல்கிறது. துணித்திரைக்குப் பின்னால் அந்த உரிமையை எப்படிக் கொடுப்பது?

"நாம்தான் எல்லாவற்றையும் மூடி மறைக்கிறோமே, இன்னும் ரகசியமா?" என்று ஒரு தோழி கேட்டாள். மறைப்பது வேறு. பக்கத்து மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். ஒருவரை ஊர் கண்ணிலிருந்து ஒளித்துவைப்பதில் அவருடைய விருப்பத்துக்கு இடமே இல்லை. ரகசியக் காப்பிலோ, யாரிடம் எதைச் சொல்வது என்பதை அவரே முடிவு செய்கிறார்.

நேரில் வரத் தயங்குகிறவர்களிடம் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணை, 14416ஐ, எழுதிக் கொடுப்போம். கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசலாம், யார் வீட்டுப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நேரில் வரத் துணிந்தவருக்குக் கதவுள்ள ஓர் அறையாவது கொடுங்கள் என்று மருத்துவமனை நடத்துகிற எல்லோரையும் கேட்கிறேன்.

பயிற்சி முடிந்துவிட்டது. இப்போது செக்காலை ரோட்டில் தெரிந்த முகம் எதிரே வந்தால், அவர்கள் முதலில் சிரிக்கும்வரை காத்திருக்கிறேன். சிலர் சிரிப்பதில்லை. நானும் பேசாமல் கடந்து போகிறேன்.