சிலந்திக்கு நான்கு கேமரா

வாசலில் செருப்பு களவு போகிறதே என்று நான்கு கேமரா பொருத்தினோம். “இரவிலும் பகல்போலத் தெரியும் சார்” என்றார் துளை போட வந்தவர். தெரிகிறது, சிலந்தி. லென்சைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்கின் சூட்டுக்கோ என்னவோ, தினமும் அங்கேதான் வலை பின்னுகிறது. ஒற்றை நூல் காற்றில் ஆடினால் போதும், திரையில் வெள்ளை வடம் அசைகிறது. ஆள் நடமாட்டம் என்று கைப்பேசி அலறுகிறது. ஒட்டடைக்கோலோடு இரவு இரண்டு மணிக்கு வாசலில் நிற்பவன் நான்.

சென்ற வாரம் மறுபடியும் ஒரு ஜோடி போயிற்று. பதிவுப் பெட்டியில் தேடினால், மின்வெட்டுக்குப் பிறகு தேதி 2000 ஜனவரி 1 என்று நிற்கிறது! ஒருவழியாகக் காட்சி கிடைத்தது. கேமரா 12 அடி உயரத்தில் இருப்பதால் திருடனின் உச்சி வழுக்கை மட்டும் வெகு தெளிவு.