தெளித்தால் மட்டும் ஈரப்பதம் வந்துவிடாது

பாம்பு வாங்கிய அன்று கடையில் எனக்குச் சொன்ன ஒரே அறிவுரை, காலையும் மாலையும் தொட்டிக்குள் தண்ணீர் தெளியுங்கள், போதும் என்பதுதான். ஆறு வருடம் ஆகிவிட்டது, இன்னமும் புதிதாக வாங்குகிறவர்களிடம் இதையே சொல்லி அனுப்புகிறார்கள். போன வாரம் ஒரு நண்பர் போட்டோ அனுப்பியிருந்தார், பாம்பின் சட்டை பாதி உரிந்து பாதி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஈரப்பதம் போதாவிட்டால்தான் சட்டை இப்படி ஒட்டும், ஆனால் அவர் தினமும் தவறாமல் தெளிக்கிறாராம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் நானும் அதையேதான் செய்தேன், வலியை அனுபவித்தது என் பாம்பு.

எங்கள் வீட்டில் இருப்பது பால் பைதான் (ball python) என்கிற ஆப்பிரிக்க மலைப்பாம்பு. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து போலச் சுருண்டுகொள்ளும், அந்தப் பந்துதான் பெயரில் இருக்கிறது. நிறத்தைப் பார்த்துக் கருப்பட்டி என்று பெயர் வைத்தோம். நாங்கள் இருப்பது அமெரிக்காவில் மிச்சிகனில், இங்கே வளர்க்கத் தடையில்லை. (ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு: நல்ல பாம்பு, சாரை, நம் மலைப்பாம்பு எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பிடித்து வளர்க்க நினைக்கவே வேண்டாம்.)

முதல் குளிர்காலம். கண்ணாடித் தொட்டி, மேலே கம்பி வலை மூடி, அதற்கு மேல் ஒரு வெப்ப விளக்கு, உள்ளே சுவரில் ஒட்டிய முள் வைத்த ஈரப்பதமானி, ஒரு தெளிப்பான் புட்டி. எல்லாமே ஒரே பெட்டியில் வந்தது. முள் 60-ல் நின்றது, நானும் நிம்மதியாக இருந்தேன். ஜனவரியில் கருப்பட்டியின் கண்கள் பால் விட்டது போல நீலமாயின, சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். நல்லபடியாக உரித்தால் மூக்கில் தொடங்கி வால் நுனி வரை ஒரே துண்டாக, காலுறையைக் கழற்றிப் போட்டது போல வரும். எங்களுக்கு வந்தது, பழைய சுவரில் சுண்ணாம்பு பெயர்வது மாதிரி துண்டு துண்டாக. இடது கண்ணின் மேல் ஒரு மூடி அப்படியே தங்கிவிட்டது, வால் நுனியில் மோதிரம் போல ஒரு வளையம்.

பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடியிருப்பது ஒளி ஊடுருவும் ஒரு செதில், சட்டையோடு சேர்ந்து அதுவும் உரிய வேண்டும். உரியாமல் ஒவ்வொரு முறையும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தங்கினால் கண்ணுக்கே ஆபத்து. வாலில் தங்கும் வளையம் காய்ந்து இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்தினால் நுனி அழுகி விழும். கையால் பிய்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது உண்மை, நல்லவேளையாக அதற்கு முன் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போனேன். இடுக்கியோ ஒட்டும் டேப்போ கண் பக்கம் கொண்டுபோகவே கூடாது, அடியில் இருக்கும் புதுச் செதிலும் சேர்ந்து கிழியும் என்றார். ஈரத்துணி போட்ட பெட்டியில் வெதுவெதுப்பாகச் சிறிது நேரம் வைத்ததில் வால் வளையம் இளகி வந்தது. கண்ணின் மேல் இருந்த மூடி அடுத்த உரிப்பில்தான் போனது. அந்த ஒரு மாதமும் ராத்திரி எழுந்து டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, அளவைக் காட்டுவது என்ன கருவி என்று. முள் வைத்தது என்றேன். டிஜிட்டல் ஒன்று வாங்கி, அதன் உணர்வியைப் பாம்பு படுக்கிற இடத்தில் தரையோடு வையுங்கள் என்றார். வைத்தேன். 22 காட்டியது. சுவரில் முள் அப்போதும் 60-ல்தான்.

இது ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சார்பு ஈரப்பதம் என்பது, அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்ற கணக்கு. காற்று சூடாகச் சூடாக அதன் கொள்ளளவு கூடிக்கொண்டே போகும், தண்ணீர் அதே அளவுதான் இருக்கும், ஆகவே சதவீதம் சரியும். வெளியே மைனஸ் 10 டிகிரி, 80 சதவீதம் ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டரில் 22 டிகிரிக்குச் சூடானால் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். நாம் சமைப்பது, குளிப்பது, மூச்சு விடுவது எல்லாம் சேர்ந்துதான் அதை 20 பக்கம் தூக்கிப் பிடிக்கிறது. தொட்டிக்குள்ளும் இதே கதைதான். குளிர்ந்த மூலையில் 24 டிகிரியில் 60 சதவீதம் இருக்கிற காற்று, விளக்கடியில் 32 டிகிரிக்குப் போனால் சுமார் 38 சதவீதம்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் கூட வெளியே போகவில்லை, ஆனால் எண் சரிந்துவிட்டது. அதனால் "என் தொட்டியில் 60 இருக்கு" என்று யாராவது சொன்னால், எந்த மூலையில், எத்தனை டிகிரியில் என்று சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

அதற்கு மேல் அந்தக் கம்பி வலை. விளக்கு காற்றைச் சூடாக்கும், சூடான காற்று வலை வழியாக மேலே போகும், வீட்டின் வறண்ட காற்று உள்ளே இறங்கும். புகைபோக்கிக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. இதற்குள் தண்ணீர் தெளித்தால் முள் 80-க்குத் துள்ளும், பார்க்க ஆனந்தமாக இருக்கும், ஓரிரு மணி நேரத்தில் பழையபடி. நனைந்தது கண்ணாடியும் மேல் மண்ணும் பாம்பின் முதுகும்தான். இதைப் போக்க இன்னும் அதிகமாகத் தெளிக்கிறார்கள், அப்போது மேல்மண் சொதசொதவென்று ஆகி, அதிலேயே வயிறு பட்டுப் படுத்துக் கிடக்கிற பாம்புக்கு அடிச்செதில்கள் சிவந்து கொப்புளித்து அழுகத் தொடங்கும். மேலே வறட்சி, கீழே சேறு. இரண்டு கெடுதலும் ஒரே தொட்டியில்.

பால் பைதானின் சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் பக்கம் புல்வெளியும் வயலுமாக இருக்கிற இடங்கள். அங்கே கோடையில் வெளிக்காற்று வறண்டுதான் கிடக்கும், அதைக் காட்டி "வறண்ட நாட்டுப் பாம்புதானே, 40 போதும்" என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பகல் முழுக்க அந்தப் பாம்பு வெளிக்காற்றிலா இருக்கிறது? எலி வளையிலும் கரையான் புற்றிலும் அல்லவா கிடக்கிறது! கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதையைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். புற்றுக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்தால் விஷயம் விளங்கிவிடும்: மண்ணில் ஊறிய ஈரம், நேரடிக் காற்றோட்டம் இல்லாத இருட்டு, சீரான குளுமை. மேலே தூசி பறந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். நாம் தொட்டியில் செய்ய வேண்டியது அந்தப் புற்றைத்தான். மழையை இல்லை.

அப்புறம் நான் செய்தது இது. வலை மூடியில் விளக்கு இருக்கும் இடத்தை விட்டு மீதி முக்கால்வாசியை அலுமினியத் தாளால் மூடினேன், கொஞ்சம் காற்றோட்டம் விட்டு. மரச்சீவலைத் தூக்கிப்போட்டேன், நனைந்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கிற சாமான் அது. பதிலாகத் தேங்காய் மட்டைத் துண்டும் தென்னை நார்க்கழிவும் கலந்து நான்கு அங்குல உயரத்துக்குப் போட்டேன். பையைத் திருப்பிப் பார்த்தால் இலங்கையில் தயாரானது என்று போட்டிருந்தது, ஏதோ உறவுக்காரர் வீட்டு வாசலைப் பார்த்தது போல ஒரு சந்தோஷம். தண்ணீரை மேலே தெளிக்காமல் நான்கு மூலையிலும் மெல்ல ஊற்றுவேன், வாரத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் இரண்டு முறை. அடி மண் ஊறியிருக்கும், மேல் மண் தொட்டால் காய்ந்திருக்கும், கீழிருந்து மெதுவாக ஆவி வந்துகொண்டே இருக்கும். ஒரு மறைவிடத்துக்குள் ஈரத்தைப் பிடித்து வைக்கிற ஸ்பாக்னம் பாசியைப் பிழிந்து வைத்திருக்கிறேன், கண் நீலமாகிவிட்டால் கருப்பட்டி அதற்குள்தான் குடித்தனம். இப்போது 65க்கும் 75க்கும் நடுவில் நிற்கிறது, அடை குளிரிலும். மரமாகவோ பிவிசியாகவோ மூடிய கூடு வாங்க வசதி உள்ளவர்கள் முதலிலேயே அதை வாங்குங்கள், இந்தப் போராட்டத்தில் முக்கால் பங்கு குறையும்.

கருவியை நம்புவதற்கு முன் ஒரு சோதனை. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு, அதில் சில சொட்டுத் தண்ணீர், கரைய விடாமல் ஈர மணலாக இருக்க வேண்டும். அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் போகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும், உப்பின் இயல்பு அது. 70 காட்டினால் உங்கள் கருவி ஐந்து குறைவாகச் சொல்கிறது. என் பழைய முள் கருவி இதிலும் 60 என்றே சொன்னது. குப்பைக்குப் போனது.

அதற்காக எண்ணைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ஈரமும் குளிரும் அடைந்த காற்றும் சேர்ந்தால் மூச்சுக்குழாய்த் தொற்று வரும். மூச்சில் சீட்டிச் சத்தம், வாயோரம் குமிழி, தலையை மேலே தூக்கியே வைத்திருப்பது, வாய் திறந்தே இருப்பது, இதில் ஒன்று கண்டாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். பாம்புக்கு உதரவிதானம் இல்லை, நம்மைப் போல இருமிச் சளியை வெளியே தள்ள அதனால் முடியாது. ஈரம் கூட வேண்டுமென்றால் வெப்பம் சரியாக இருந்தே ஆக வேண்டும், இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது.

இது பால் பைதானுக்கு. சோளப்பாம்பு என்கிற கார்ன் ஸ்னேக்குக்கு 40 முதல் 60 வரை தாராளம், பிரேசில் ரெயின்போ போவாவுக்குப் பால் பைதானைவிடக் கூடவே வேண்டும். வாங்கும் முன் அந்த இனம் எங்கே, எதற்குள் வாழ்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். முப்பது வருடம் வரை கூட இருக்கப் போகிற உயிர், நாய் மாதிரி முனகாது, பூனை மாதிரி வந்து காலைச் சுரண்டாது. தாகமோ வலியோ அது சொல்லும் வழி சட்டை, கழிவு, மூச்சு, இவ்வளவுதான். கழிவில் வரும் வெள்ளைப் பகுதி மஞ்சளாகிக் கல் போல இறுகியிருந்தால் உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

அந்த நண்பரைத் தாளால் மூடச் சொல்லியிருக்கிறேன், உப்புச் சோதனை இன்று ராத்திரி செய்கிறார். எங்கள் வீட்டில் நேற்றிலிருந்து மறுபடி கண் நீலம். பாசியை மாற்றி, மூலைகளில் ஊற்றிவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்கள் கருவி உப்பில் எவ்வளவு காட்டுகிறது என்று கீழே எழுதுங்கள்.