குணமாகாது வேறு, வைத்தியம் இல்லை வேறு

அந்த வீடியோவைப் பற்றி எழுதக் கூடாது என்று மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எந்த வீடியோ என்று கேட்காதீர்கள், உங்கள் போனுக்கும் வந்திருக்கும். "மைலோமா குணமாகாது என்று அவர்களே சொல்கிறார்கள். அப்புறம் எதற்கு லட்சம் லட்சமாய் ஊசி?" என்று கேட்டுவிட்டு ஒரு நாட்டு வைத்தியர் தோள் துண்டைச் சரிசெய்தபடி ஒரு சிரிப்பு சிரிக்கிறாரே, அதுதான். மைலோமா என்பது எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு ரத்தப் புற்றுநோய்.

குணமாகாது என்பது வேறு, வைத்தியம் இல்லை என்பது வேறு. சர்க்கரை குணமாகிறதா? பிரஷர் குணமாகிறதா? அதற்கெல்லாம் மாத்திரையை நிறுத்திவிட்டா உட்கார்ந்திருக்கிறோம்? இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எரிச்சல்.

அம்மாவுக்கு முதுகுவலி என்று ஆரம்பித்தது. எட்டு மாதம். தைலம், ஒத்தடம், பெல்ட், அப்புறம் வலி மாத்திரை. கடைசியில் ஹீமோகுளோபின் 7, சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போகிறது. மதுரையில் ஒரு டாக்டர்தான் பழைய ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "மொத்தப் புரதம் இவ்வளவு கூடுதல், அல்புமின் குறைவு, யாரும் பார்க்கலையா?" என்று கேட்டு, ரத்தத்தில் உள்ள புரதங்களைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரெசிஸ் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். அடுத்து எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. 2021 டிசம்பரில் நோயின் பெயர் தெரிந்தது: மைலோமா. கிருமியை எதிர்க்கப் புரதம் செய்ய வேண்டிய பிளாஸ்மா செல், மஜ்ஜைக்குள் கண்டபடி பெருகி உதவாத புரதத்தைக் கொட்டுகிறது. எலும்பு அரித்துப்போகிறது, ரத்தம் குறைகிறது, சிறுநீரகம் கெடுகிறது. ஏற்கெனவே கெட்டுக்கொண்டிருந்த சிறுநீரகத்துக்கு வலி மாத்திரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்கு அப்போது தெரியாது. அந்த மாத்திரையை வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

அதற்குப் பிறகு நடந்தது வைத்தியம். வாரம் ஒரு முறை வயிற்றுத் தோலுக்கடியில் போர்டெசோமிப் ஊசி. லெனலிடோமைட் மாத்திரை 21 நாள், 7 நாள் ஓய்வு. வாரம் ஒரு நாள் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. டெக்ஸா நாளில் அம்மா தூங்க மாட்டாள். ராத்திரி இரண்டு மணிக்கு அஞ்சறைப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருப்பாள். சர்க்கரை ஏறியது. அம்மை போல அக்கி வராமலிருக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், எலும்புக்கு மாதம் ஒரு டிரிப். அந்த டிரிப்புக்கு முன் பல் டாக்டரிடம் காட்ட வேண்டும், தாடை எலும்பு கெடலாம் என்பதால். இதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார். வீடியோக்காரருக்கு இது "லட்சம் லட்சமாய் ஊசி".

அப்புறம் ஸ்டெம் செல் மாற்று. எலும்பை அறுத்து வேறு எலும்பு வைப்பார்கள் என்று ஊரில் கதை. அப்படி ஒன்றுமில்லை. அம்மாவின் செல்லையே ரத்தத்திலிருந்து பிரித்து எடுத்து உறைய வைத்தார்கள். நோய்ச் செல்லை அழிக்கும் மெல்ஃபலான் மருந்தை ஏற்றும்போது வாயில் ஐஸ் துண்டுகளை அடக்கிக்கொள்ளச் சொன்னார்கள், புண் குறையட்டும் என்று. பிறகு அந்தச் செல்லை ரத்தம் ஏற்றுவது போலத் திருப்பி ஏற்றினார்கள். முடி போனது, மூன்று வாரம் நரகம். ஆனால் அடுத்த பொங்கலுக்கு அம்மா தானே கோலம் போட்டாள்.

"பக்கவிளைவு இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. போர்டெசோமிப்பில் பாதம் மரத்து, செருப்பு கழன்றது தெரியாமல் தெருமுனை வரை நடந்தாள். டாக்டர் அளவைக் குறைத்தார். இன்னும் முழுதாகச் சரியாகவில்லை.

"இங்கிலீஷ் மருந்தே விஷம்" என்பவர்களுக்கு நானே ஒரு துருப்பு தருகிறேன். தாலிடோமைட். 1957இல் ஜெர்மனியில் தூக்க மருந்தாக வந்து, கர்ப்பிணிகள் சாப்பிட்டு, ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் வளராமல் பிறந்தார்கள். 1961இல் திரும்பப் பெற்றார்கள். அதே மருந்தை, வேறு எந்த மருந்துக்கும் கட்டுப்படாத மைலோமா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் அமெரிக்காவின் ஆர்கன்சாவில். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வேலை செய்தது என்று 1999இல் எழுதினார்கள். அம்மா விழுங்கும் லெனலிடோமைட் அதன் வாரிசு. விஷத்தை விஷம் என்று ஒப்புக்கொண்டு, அளந்து, எண்ணி, வெளியே எழுதினார்கள். நம் துண்டுக்காரர் எத்தனை பேருக்குக் கொடுத்தார், எத்தனை பேர் பிழைத்தார்கள்? எந்த நோட்டில் எழுதியிருக்கிறது?

காசு? சரி, அது நியாயமான கேள்வி. நோயாளியின் எதிர்ப்புச் செல்லையே எடுத்து மாற்றித் திருப்பி ஏற்றும் கார்-டி சிகிச்சை ஒன்றுக்கு அமெரிக்காவில் விலை 4,65,000 டாலர் என்று வைத்தார்கள், அதை நானும் கனவில்தான் பார்க்க முடியும். ஆனால் போர்டெசோமிப்பும் லெனலிடோமைடும் இங்கேயே பல கம்பெனிகள் செய்கின்றன. 1960களிலிருந்து பல காலம் மெல்ஃபலான் மாத்திரையும் ஸ்டீராய்டும்தான் கதி. இன்றைக்கு ஒன்று கேட்காவிட்டால் இன்னொன்று, அதற்கு மேல் டாராட்டுமுமாப் ஊசி என்று வரிசை இருக்கிறது. குணமாகாது, ஆனால் வைத்தியம் இருக்கிறது. எத்தனை தடவை சொல்ல?

"நீ மருந்துக் கம்பெனி ஏஜென்ட்" என்று ஒருவர் எழுதுவார். எழுதுங்கள். கமிஷன் வந்தால் சொல்கிறேன்.

நாட்டு மருத்துவத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. இயற்கையானது கெடுக்காது என்று நம்பி, ஊசி போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அம்மாவுக்கு நானே கிரீன் டீ வாங்கிக் கொடுத்தேன். அதிலுள்ள ஒரு பொருள் போர்டெசோமிப்பையே பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாமல் தடுப்பதை ஆய்வகத்திலும் எலிகளிலும் பார்த்திருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னபோது முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அன்றிலிருந்து கேட்காமல் எதுவும் கொடுப்பதில்லை.

வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டது பெரியப்பா மகன். "சித்திக்குக் காட்டுங்கள்" என்று வேறு எழுதியிருந்தான். அம்மா பார்த்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை மாத்திரை அட்டையை எண்ணினேன். இரண்டு அதிகமாக இருந்தது.

ஏன் போடவில்லை என்று கேட்டேன். "குணமாகாதாமேடா. நீ ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றாள்.

உண்மைதான், நான் சொல்லவில்லை. "கட்டுப்பாட்டில் இருக்கும்மா" என்றுதான் நாலு வருஷமாகச் சொல்லிவந்தேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் உங்களுக்கு இத்தனை தடவை சொன்ன வித்தியாசத்தை அவளிடம் ஒரு தடவை உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். அன்று ராத்திரி பதினொரு மணி வரை சொன்னேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

வீடியோ குழுவில் அப்படியே இருக்கிறது. கீழே பதினாலு பேர் கும்பிடு போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று என் தம்பியுடையது.