நாக் சென்சாரைக் கழற்றினால் பிக்கப் கூடுமா?

"பழைய காரில் நாக் சென்சார் ஒயரைப் பிடுங்கிவிட்டால் டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) பின்னால் போகாது, பிக்கப்பும் மைலேஜும் ஏறும்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. பெரும்பாலான கார்களில் நடப்பது நேர் எதிர்.

நாக் சென்சார் என்பது என்ஜின் பிளாக்கில் முறுக்கியிருக்கும் ஒரு காது. உள்ளே இருக்கும் பீசோ படிகம், 'டக் டக்' என்ற நாக் அதிர்வை (சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை தானாக வெடிப்பதால் வருவது) மின்னழுத்தமாக மாற்றும். அதைக் கேட்டதும் என்ஜினை நடத்தும் கணினியான ஈசியூ ஸ்பார்க்கைச் சில டிகிரி தாமதப்படுத்தும். சத்தம் நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குக் கொண்டுவரும். டைமிங் லைட்டை (ஸ்பார்க்கோடு சேர்ந்து மின்னும் விளக்கு) கிராங்க் புல்லியில் அடித்தபடி, சென்சாருக்குப் பக்கத்தில் பிளாக்கை ஸ்பேனரால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பல கார்களில் புல்லிக் குறி நகர்வது கண்ணுக்கே தெரியும்.

ஒயரைக் கழற்றினால் ஈசியூவுக்குக் காது கேட்காது. பிஸ்டனைக் காப்பாற்ற அது நிரந்தரமாகத் தாமத டைமிங்குக்குப் போய்விடும். ஓபிடி 2 (கோளாறைத் தானே கண்டு பதியும் முறை) உள்ள வண்டி என்றால் நாக் சென்சார் கோளாறைச் சொல்லும் பி0325 கோடும் விழும். இழுவை குறையும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும்.

இந்த வதந்திக்கும் ஒரு வேர் உண்டு. சென்சார் போல்ட்டைக் கண்டபடி முறுக்கினாலோ, அடியில் துரு இருந்தாலோ இல்லாத நாக்கை அது 'கேட்கலாம்'. அப்போது சுத்தம் செய்து, மேனுவல் சொல்லும் டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) முறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெறும் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்துத் தரும் பாகம்) கொண்ட கார்பரேட்டர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் இந்த சென்சாரே கிடையாது, எதைப் பிடுங்குவார்களோ!