கால் வேலி நிலமும் கடைமடைத் தண்ணீரும்: டெல்டாவில் சமூக அறிவியல் நடத்துவது பற்றி

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சமூக அறிவியலை வரலாறு, புவியியல், குடிமையியல் முதலிய பகுதிகளாகப் பிரித்து அச்சிடுகிறார்கள். நாமும் அந்த வரிசையிலேயே நடத்தி முடிக்கிறோம். அச்சிடும் வசதிக்கு அது சரிதான். ஆனால் காவிரிப் பாசனத்தில் வளர்கிற பிள்ளைக்கு இவற்றைத் தனித்தனியே நடத்தினால், அது வீட்டில் நாள்தோறும் கேட்கிற பேச்சுக்கும் பாடத்துக்கும் தொடர்பே இல்லாமல் போய்விடுகிறது என்பது, நடுநிலைப் பள்ளிகளில் இப்பாடத்தை நெடுங்காலமாக நடத்தி வருகிற எனது கருத்து. நிலம் எப்படி அமைந்திருக்கிறது, அதன்மீதும் தண்ணீரின்மீதும் அன்று யாருக்கு உரிமை இருந்தது, இன்று யாருக்கு இருக்கிறது என்பவற்றை இந்த மண்ணில் பிரித்துப் பேசவே முடியாது.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரை எடுத்துக்கொள்வோம். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து ஊர்ச் சபைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விளக்குகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் தேர்தல் நடத்தினர் என்ற ஒற்றை வரியோடு பெரும்பாலான வகுப்புகளில் இப்பாடம் முடிந்துவிடுகிறது. அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கு வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு இருக்க வேண்டும், வயது 35க்கு மேலும் 70க்குள்ளும் இருக்க வேண்டும், வேதப் பயிற்சியும் வேண்டும் என்று அதே கல்வெட்டு விதிக்கும் தகுதிகளை யார் நின்று நடத்துகிறோம்? நகரத்துப் பிள்ளைக்குக் கால் வேலி என்பது மனப்பாடத்துக்குரிய ஓர் அளவு மட்டுமே. எங்கள் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்பதை அவர்கள் தாத்தாக்களின் வாயிலிருந்து கேட்டிருக்கிறார்கள். கால் வேலி என்றால் ஐந்து மா, அதாவது ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல் என்று அவர்களே கணக்கிட்டுவிடுவார்கள். அதன் பிறகு ஒரு தெருவைக் கரும்பலகையில் வரைந்து, இந்த வீட்டாருக்கு மூன்று மா, இவருக்கு ஒரு வேலி, இவர் குத்தகைக்காரர், இவர் கூலிக்குப் போகிறவர், இவர் கணவரை இழந்த பெண் என்று எழுதிப்போட்டு, யார் பெயர் குடத்துக்குள் போகும் என்று கேட்டால், வகுப்பு தானாகவே பேசத் தொடங்கும். உத்திரமேரூர் சபை பிராமணர் ஊரின் சபை என்பதையும், பிற ஊர்களில் 'ஊர்' என்ற பெயரில் வேறு அவை இருந்தது என்பதையும் அப்போது சொல்லிவிடலாம். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, நிலமோ படிப்போ கேட்காமல் 21 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்குரிமை கொடுத்ததும், 1989இல் அந்த வயது 18 ஆகக் குறைந்ததும் எவ்வளவு பெரிய மாற்றங்கள் என்பது அந்தப் பலகையைப் பார்த்த பிள்ளைக்கு விளங்கும்.

இளைய ஆசிரியர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல விரும்புகிறேன். தெருவைக் கற்பனையாகத்தான் வரைய வேண்டும். உங்கள் வீட்டுக்கு எத்தனை மா என்று பிள்ளைகளை எழுப்பிக் கேட்பது, நிலமில்லாத வீட்டுப் பிள்ளையை நாற்பது பேர் முன்னால் நிறுத்தி வைப்பதாகும். டெல்டாவில் நிலக்கணக்கு என்பது பெரும்பாலும் சாதிக்கணக்கும்கூட.

அடுத்தது தண்ணீர். பாசனத்துக்காக மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கும்போது அதன் நீர்மட்டம் தொலைக்காட்சியில் நாள்தோறும் வருகிறது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி என்று சொல்லிவிட்டு, உச்ச நீதிமன்றம் 2018இல் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்ததையும் சொன்னால், அதைக் கேட்கிற பிள்ளையின் முதல் வார்த்தை, 'கர்நாடகாக்காரன் நமக்குத் தர மாட்டேங்கிறான் சார்' என்பதாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டால் அது குடிமையியல் ஆகாது. கல்லணையில் பிரியும் தண்ணீர் எந்த ஆற்றின் வழியே நம் ஊருக்கு வருகிறது, அந்த ஆற்றில் நம் வாய்க்காலின் தலைப்பு எங்கே, நமக்கு மேலே எத்தனை ஊர், கீழே எத்தனை ஊர் என்று பிள்ளைகளைக் கொண்டே படம் வரையச் சொல்ல வேண்டும். அளவுகோல், திசை, குறியீடு ஆகிய எல்லாம் அதிலேயே அடங்கிவிடும். தண்ணீர் போதாமல் முறைவைத்து விடுகிற முறைப்பாசன ஆண்டுகளில் மேல்மடைக்காரர்கள் இரவோடிரவாக மடையைத் திறந்துகொள்வதும், வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைமடைக்காரர்கள் மறியல் செய்வதும் இப்பிள்ளைகள் அறிந்த செய்திகள். கர்நாடகத்தில் காவிரி பாய்கிற மாண்டியாவுக்கு நாம் கடைமடை. நமக்குக் கீழே உள்ள ஊருக்கு நாம்தான் மாண்டியா. இதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருமுறை வரைபடத்தில் பார்த்துவிட்டால், சென்னை மாகாணமும் மைசூரும் செய்துகொண்ட 1892, 1924 ஒப்பந்தங்களையும் 1990இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்ததையும் கட்சி மேடைப் பேச்சாக அல்லாமல் பங்கீட்டுச் சிக்கலாக அணுகும். பெரியவர்களுக்கு இது பிடிக்காது என்பது எனக்குத் தெரியும்.

கல்லணையைப் பற்றியும் சற்று நிதானமாகப் பேசலாம். கரிகாலன் கட்டினான் என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். கரிகாலன் காவிரிக்குக் கரை எடுத்தான் என்ற செய்தி, அவன் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் வருகிறது. அவனைப் பாடும் பட்டினப்பாலையோ, காட்டை அழித்து நாடாக்கியதையும் குளம் வெட்டியதையும் சொல்கிறது. மரபு என்ன சொல்கிறது, ஆவணம் எந்தக் காலத்தது என்று இரண்டையும் அடுத்தடுத்து வைப்பதால் கரிகாலன் சிறுத்துவிட மாட்டான். மணற்படுகையின்மேல் அடித்தளம் அமைக்கும் முறையை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கல்லணையிடம் கற்றதையும், கொள்ளிடத்துக்கு மிகுதியான நீர் ஓடிக் காவிரி மேடிட்டு வந்ததைத் தடுக்க 1836இல் முக்கொம்பில் மேலணை கட்டப்பட்டதையும், அந்த மேலணையின் கொள்ளிடப் பகுதி மதகுகளில் சில 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதையும் தொடர்ச்சியாகச் சொன்னால், பராமரிப்பு என்பதும் வரலாற்றுக்குள் வந்துவிடும்.

புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலுக்குத் தனி வகுப்பே எடுக்கலாம். நாகப்பட்டினத்திலிருந்து தரங்கம்பாடிக்குப் போகிற பேருந்து நடுவில் வேறோர் அரசின் எல்லைக்குள் நுழைந்து வெளியேறுகிறது. காரணம் கேட்டால் பிரெஞ்சுக்காரர்கள், டேனியர்கள், டச்சுக்காரர்கள் மூவரும் ஒரே கடற்கரைச் சாலையில் வரிசையாக நிற்பார்கள். அங்கே போனால் பெட்ரோலும் இன்னொன்றும் விலை குறைவு என்பது பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஒன்றியப் பகுதிக்கும் மாநிலத்துக்கும் உள்ள வேறுபாட்டை அங்கிருந்தே தொடங்கலாம்.

கீழ்வெண்மணியை வகுப்பில் பேசலாமா என்று உடன் பணிபுரிவோர் தயங்குகிறார்கள். ஆறாம் வகுப்பில் வேண்டாம். எட்டாம் வகுப்பில் கட்டாயம் பேச வேண்டும் என்றே நான் சொல்வேன். 1968 டிசம்பர் 25 அன்று அங்கே விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை, கூலி உயர்வு கேட்டதையும் சங்கம் வைத்ததையும் விட்டுவிட்டு இரங்கலாக மட்டும் சொல்வதைவிடச் சொல்லாமலே இருந்துவிடலாம். கால் வேலிக் கணக்கைப் புரிந்துகொண்ட வகுப்புக்கு இது புதிய பாடமாக இராது. விட்ட இடத்திலிருந்து தொடர்வதாகவே இருக்கும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். நியாயமான கேள்விதான், சமூக அறிவியல் பாடவேளையைக் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் விட்டுக்கொடுப்பது நம் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. எனினும் செலவும் கூடுதல் பாடவேளையும் இல்லாமல் செய்யக்கூடிய ஒன்றை மட்டும் கேட்கிறேன். ஆகஸ்டு 15 அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அன்றுதான் கிராம சபை கூடுகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாக்கில்லை. ஆகவே கை தூக்கவோ தீர்மானத்தில் கையெழுத்திடவோ முடியாது. ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பின்வரிசையில் அரை மணி நேரம் அவர்களை உட்கார வைக்கலாம். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி சபைக்கு வரக்கூடாது என்று உத்திரமேரூர்க் கல்வெட்டு சொன்னதைப் படித்த பிள்ளைகள், ஊராட்சியின் வரவு செலவு வாசிக்கப்படும்போது எத்தனை பேர் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வந்து, அடுத்த நாள் வகுப்பில் சொல்லட்டும்.